லென்ஸ் பெட்டியைத் தூக்கவிட்ட குரு!
கோடம்பாக்கத்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது எப்படி?

சென்னை-

விடியற்காலை 5 மணி. சாலிகிராமம், வடபழனி தெருக்களில் பால் வண்டியும் சினிமா யூனிட் வேனும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். டீக்கடை வாசலில் வேன் நிற்கும். லைட்மேன்கள் ஏறுவார்கள். காமிரா உதவியாளர்கள் ஏறுவார்கள். உதவி டைரக்டர்கள், கையில் பைலுடன் ஓடி வந்து ஏறுவார்கள்.

பெண்களும் ஏறுவார்கள். தலை அலங்காரம் செய்பவர், துணை நடிகைகள், நடனக் குழுப் பெண்கள். ஆனால் காமிரா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பெண்? நெடுங்காலம் அப்படி ஒருத்தி கூடக் கிடையாது.

ஏன் இல்லை? பெண்களுக்குத் திறமை இல்லையா? ஆசை இல்லையா? இரண்டும் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. "வாம்மா, என் பக்கத்தில் நில்லு" என்று கூப்பிட ஒரு குரு இல்லை!

பக்கத்தில் நின்றால்தான் தொழில்

சினிமாத் தொழிலை எங்கே கற்பார்கள்? தரமணியில் அரசு நடத்தும் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 'அடையாறு இன்ஸ்டிடியூட்' என்று ஜனங்கள் சொல்வார்களே, அதுதான். இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இயங்குகிறது. அங்கே படித்தால் பட்டயம் கிடைக்கும். ஆனால் வேலை?

வேலை கற்பது ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பையன் கற்பது மாதிரிதான். நகைப் பட்டறையில் ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து கற்பது மாதிரிதான். முதலில் பெட்டி தூக்க வேண்டும். பிறகு கிளாப் அடிக்க வேண்டும். பிறகு டேப் பிடித்து, காமிராவுக்கும் நடிகர் முகத்துக்கும் எத்தனை அடி என்று அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போகஸ் வளையத்தைத் தொடவே விடுவார்கள். சில அங்குலம் தப்பினாலும் கதாநாயகியின் கண் மங்கிப் போகும். மறுபடி டேக்!

பிலிம் இருந்த காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு. கறுப்புத் துணிப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே பிலிமை மாற்ற வேண்டும். 400 அடி பிலிம் நாலரை நிமிடம் கூட ஓடாது. அதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே புகுந்தால் போச்சு! பட முதலாளியின் பணமும் போச்சு, அன்றைய கால்ஷீட்டும் போச்சு.

இதையெல்லாம் எந்தப் புத்தகமும் கற்றுக் கொடுக்காது. ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்க வேண்டும். ஆகவே, யாரைப் பக்கத்தில் நிற்க விடுகிறார்களோ அவர்களுக்குத்தான் தொழில். விடாதவர்களுக்கு வாசலோடு சரி.

பெண் வந்து கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? "பெட்டி ரொம்ப கனம், உன்னால முடியாதும்மா." "அவுட்டோர் போனா எங்கே தங்குவே?" "ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப் ஆகும், வீட்ல விடுவாங்களா?" அக்கறையாகப் பேசுவது போலவே இருக்கும். கதவு மட்டும் திறக்காது.

1980-ல் நடந்த அதிசயம்

அந்தக் கதவைத் திறந்தவர் அசோக்குமார். 'உதிரிப்பூக்கள்', 'ஜானி' படங்களின் ஒளிப்பதிவாளர். இந்தியாவின் முதல் 3-டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) இவர் படம் பிடித்ததுதான். வடநாட்டுக்காரர். அலகாபாத்தில் பிறந்து, தென்னாட்டில் பெயர் வாங்கியவர்.

அவரிடம் ஓர் இளம்பெண் உதவியாளராகச் சேர்ந்தார். அடையாறு இன்ஸ்டிடியூட்டில் காமிரா படித்தவர். நடிகர் சாருஹாசனின் மகள் சுஹாசினி. காமிராவுக்குப் பின்னால் நின்ற அவரை, டைரக்டர் மகேந்திரன் காமிராவுக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) வந்தது. அந்தப் படத்துக்காக அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழ் சினிமாவுக்கு ஒரு நல்ல நடிகை கிடைத்தார்.

ஊரெல்லாம் அந்த நடிகையைப் பற்றிப் பேசியது. ஆனால் அதே அசோக்குமாரிடம் அந்தக் காலத்தில் உதவியாளராகச் சேர்ந்த இன்னொரு பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. அவர் காமிராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

அவர்தான் பி.ஆர்.விஜயலட்சுமி. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'ஆயிரத்தில் ஒருவன்' படங்களை எடுத்த பி.ஆர்.பந்துலுவின் மகள். மகள் காமிரா பக்கம் வரும்போது தகப்பனார் உயிரோடு இல்லை. 1974-லேயே காலமாகிவிட்டார். கை கொடுத்தவர் குருதான்.

பெட்டி தூக்கினார். அளந்தார். வெளிச்சத்தைப் படிக்கக் கற்றார். 1985-ல் கே.பாக்யராஜின் 'சின்ன வீடு' படத்தில் 'ஒளிப்பதிவு' என்ற எழுத்துக்கு நேராக ஒரு பெண்ணின் பெயர் திரையில் வந்தது. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 1995-ல் 'பாட்டு பாடவா' படத்தை டைரக்டு செய்தார். பிறகு டெலிவிஷன் பக்கமும் வேலை பார்த்தார்.

அசோக்குமார் 2014-ல் மறைந்தார். அவர் படம் பிடித்த காட்சிகளை இன்றும் பேசுகிறார்கள். அவர் இரண்டு பெண்களைப் பக்கத்தில் நிற்க விட்டதையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்குச் சரியாகும்.

ராணிகள் இருந்தார்கள், வாரிசு இல்லை!

"பெண்கள் அதற்கு முன்னால் படம் எடுக்கவில்லையா?" என்று கேட்கலாம். எடுத்தார்கள். பெரிய ராணிகளே எடுத்தார்கள்.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, 1936-ல் 'மிஸ் கமலா' படத்தைத் தானே எழுதி, தானே டைரக்டு செய்தார். பி.பானுமதி 1953-ல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் எடுத்தார். சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவே அவர் குடும்பத்துடையது. நடிகையர் திலகம் சாவித்திரி 1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' படத்தை டைரக்டு செய்தபோது, முக்கியமான பொறுப்புகளில் பெண்களையே வைத்துப் பார்த்தார். பாடகி பி.லீலாதான் அதற்கு இசையமைப்பாளர். அடுத்த வருஷம் தமிழில் 'குழந்தை உள்ளம்'.

இவர்களுக்கு யாரும் கதவு திறந்துவிடவில்லை. புகழும் பணமும் இருந்ததால் தாங்களே உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஆனால் அவர்கள் போன வழியில் பத்துப் பெண்கள் வரிசையாகப் பின்தொடர்ந்து வரவில்லை. ராணி போனதும் வாசல் மறுபடி மூடிக்கொண்டது.

நட்சத்திரம் ஒரு படம் எடுத்தால் அது ஒரு செய்தி. உதவியாளர் ஒருத்தி தொழில் கற்றால் அது ஒரு வழி. இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான்.

ஒரே படத்தில் ஒரு வரிசை

2002-ல் ஒரு படம் வந்தது. 'மித்ர் மை பிரெண்ட்'. டைரக்டர்: நடிகை ரேவதி. கதாநாயகி: ஷோபனா. ஒளிப்பதிவு: பவுசியா பாத்திமா. எடிட்டிங்: பீனா பால். இசை: இளையராஜாவின் மகள் பவதாரிணி. எழுத்தில் வி.பிரியாவும் சுதா கொங்கராவும்.

முக்கியமான நாற்காலிகள் அத்தனையிலும் பெண்கள்! சும்மா காட்சிக்கு உட்காரவில்லை. 49-வது தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகை, சிறந்த எடிட்டிங் என்று மூன்று விருதுகளை அந்தப் படம் வாங்கியது.

இந்தப் பெண்கள் திடீரென்று வானத்திலிருந்து குதித்தார்களா? இல்லை. பவுசியா பாத்திமா புனே திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு பி.சி.ஸ்ரீராமிடம் வேலை பார்த்தவர். ஜீவா, கே.வி.ஆனந்த், திரு என்று வரிசையாக ஒளிப்பதிவாளர்களை உருவாக்கிய பட்டறை அது. பிரியாவும் சுதாவும் டைரக்டர் மணிரத்னத்திடம் உதவியாளராக இருந்தவர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்தவர் அல்ல. ஆனால் அவரிடம் இருந்து வந்தவர்கள் ஏராளம்.

சுதா ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய 7 வருஷம் அங்கே வேலை பார்த்தார். 2010-ல் அவருடைய முதல் தமிழ்ப் படம் 'துரோகி' வந்தது. ஓடவில்லை. முதல் படம் விழுந்தால் ஆணுக்கே அடுத்த வாய்ப்பு கஷ்டம். பெண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் தாக்குப் பிடித்தார். 2016-ல் 'இறுதிச்சுற்று'. மீன் விற்கும் பெண்ணைக் குத்துச்சண்டை வீராங்கனை ஆக்கும் முரட்டு வாத்தியார் கதை. குரு-சிஷ்யை கதைதான்! 2020-ல் 'சூரரைப் போற்று'. 2022-ல் அறிவித்த தேசிய விருதுகளில் அந்தப் படத்துக்கு 5 விருது. திரைக்கதை விருதை ஷாலினி உஷா நாயருடன் பகிர்ந்துகொண்டார் சுதா. அதாவது, ஒரு பெண் மேலே போனபோது பக்கத்தில் இன்னொரு பெண்ணும் நின்றார்.

சங்கிலி நீள்கிறது

இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தால், அடுத்த நாற்காலியை இன்னொரு பெண்ணுக்கு இழுத்துப் போடுகிறார்.

பிரியா 2007-ல் 'கண்ணாமூச்சி ஏனடா' எடுத்தபோது காமிராவுக்குப் பின்னால் நின்றவர் பிரீதா. இவரும் பி.சி.ஸ்ரீராமிடம் தொழில் கற்றவர். மறு வருஷம் 'அபியும் நானும்' படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவு.

ஹலிதா ஷமீம் என்ற பெண் டைரக்டர், புஷ்கர்-காயத்ரி தம்பதியிடம் உதவியாளராக இருந்தவர். கணவனும் மனைவியும் சேர்ந்து டைரக்டு செய்யும் ஜோடி அது. அங்கே பெண் டைரக்டரைப் பார்த்தே ஒரு பெண் தொழில் கற்றார். ஹலிதா 2019-ல் 'சில்லுக்கருப்பட்டி' எடுத்தார். நாலு கதை, நாலு ஒளிப்பதிவாளர்கள். அந்த நால்வரில் ஒருவர் யாமினி யக்ஞமூர்த்தி. அதே யாமினிதான் 2022-ல் வந்த 'சாணிக் காயிதம்' படத்தைப் பிடித்தவர். அடிதடி, ரத்தம் தெறிக்கும் படம். "பொம்பளைங்க மென்மையான படம்தான் எடுப்பாங்க" என்று பேசியவர்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

2017-ல் நாடு முழுவதும் உள்ள பெண் ஒளிப்பதிவாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே அமைத்துவிட்டார்கள். அதற்கு முன்கை எடுத்தவர்களில் பவுசியா பாத்திமாவும் ஒருவர். "பெண் காமிராமேன் யாருமே கிடைக்கலீங்க" என்று இனிமேல் யாரும் சாக்கு சொல்ல முடியாது. பெயர்ப் பட்டியலே இருக்கிறது.

யார் வீட்டுப் பெண்?

ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. மேலே சொன்ன பெயர்களை இன்னொரு தரம் பாருங்கள். ஒருவர் பந்துலுவின் மகள். ஒருவர் கமல்ஹாசனின் அண்ணன் மகள். பிரீதாவும் பி.சி.ஸ்ரீராமின் உறவுக்காரர்தான்.

அவர்கள் திறமைசாலிகள் என்பதில் சந்தேகம் இல்லை. உறவு வாசல் வரைக்கும்தான் கொண்டு விடும், காமிராவை உறவு பிடிக்காது. ஆனால் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீட்டுப் பெண் என்ன செய்வாள்? திருவொற்றியூரில் மில் தொழிலாளி மகள், ஆரணியில் தறிக்காரர் மகள், அவளுக்கும் ஆசை வந்தால்?

அவளுக்கு யாரையும் தெரியாது. சங்கத்தில் சேரப் போனால் முதல் கேள்வி, "யாருகிட்ட வேலை பார்த்தே?" வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வி, "கார்டு இருக்கா?" கார்டுக்கு குரு வேண்டும், குருவுக்கு கார்டு வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்!

கார்டு விஷயம் சாதாரணம் இல்லை. மும்பையில் மேக்கப் கலைஞர் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டு தர மறுத்தே வந்தது. "ஆண் மேக்கப் போடுவான், பெண் தலை அலங்காரம் மட்டும் செய்வாள்" என்பது அங்கே 50 வருஷத்துக்கு மேலான வழக்கம். தொழில் தெரிந்த பெண்கள், வேலை செய்த இடத்தில் பிடிபட்டு அபராதம் கட்டினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2014 நவம்பர் 10-ந்தேதி தீர்ப்பு வந்தது. பெண் என்பதற்காக கார்டு மறுப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று கோர்ட்டு அடித்துச் சொன்னது. முகத்துக்குப் பவுடர் போடும் உரிமைக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது!

கும்பிடும் கையும் ஓங்கும் கையும்

குரு என்றால் நல்லவர் என்றே எடுத்துக்கொள்ள முடியுமா? அங்கேதான் ஆபத்து. ஒரே ஒருவர் கையில் ஒரு பெண்ணின் பிழைப்பு முழுவதும் இருந்தால், அந்தக் கை எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் "சரி" என்றால் வேலை. "வேண்டாம்" என்றால் அந்தத் தெருவிலேயே வேலை இல்லை. எதிர்த்துப் பேச முடியுமா?

பக்கத்து மாநிலம் கேரளத்தில் இது பெரிதாக வெடித்தது. 2017-ல் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, சினிமாப் பெண்கள் சேர்ந்து தனி அமைப்பு தொடங்கினார்கள். மாநில அரசு, நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி போட்டது. நம்ம 'ஊர்வசி' சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வேலைக்காக நடந்த தொல்லைகள் மட்டும் இல்லை, படப்பிடிப்பு இடத்தில் கழிவறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை என்ற கொடுமையும் அதில் வந்தது. குடிக்கத் தண்ணீர் இருந்தும், கழிவறை இல்லாத காரணத்தால் தொண்டையை நனைக்காமலேயே பெண்கள் நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார்கள்.

வேலை இடத்தில் பெண்களுக்குத் தொல்லை தந்தால் விசாரிக்க உள் கமிட்டி வேண்டும் என்ற சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சினிமா யூனிட்டும் வேலை இடம்தான், அங்கேயும் கமிட்டி வேண்டும் என்று கேரள ஐகோர்ட்டு 2022 மார்ச்சில் சொன்னது. சென்னையில் நடிகர் சங்கத்தில் நடிகை ரோகிணி தலைமையில் கமிட்டி அமைந்தது. குற்றம் நிரூபணமானால் 5 வருஷம் சினிமாவில் வேலை செய்யத் தடை என்று 2024 செப்டம்பரில் தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் நல்லதுதான். ஆனால் 5 மணிக்கு வேன் ஏறும் உதவியாளர் பெண்ணுக்கு, புகார் யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டும். சொன்ன மறுநாளும் வேன் வந்து அவள் வாசலில் நிற்க வேண்டும். அப்போதுதான் தீர்மானத்துக்கு மதிப்பு.

நல்ல குருவுக்கு அடையாளம் என்ன?

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். மளிகைக் கடை முதலாளிக்கும் புரிகிற கணக்குதான்.

ஒன்று: பேட்டா. கற்றுக்கொள்ள வந்தவள்தானே என்று சும்மா வேலை வாங்கக் கூடாது. ஆண் உதவியாளருக்கு என்ன பேட்டாவோ அதே பேட்டா அன்றன்றைக்குக் கையில் வர வேண்டும். காசு இல்லாத வீட்டுப் பெண் இதனால்தான் பாதியிலேயே ஊர் திரும்புகிறாள்.

இரண்டு: டைட்டிலில் பெயர். வேலை பார்த்ததற்கு அதுதான் சாட்சி. அடுத்த கம்பெனியில் காட்ட வேறு சர்டிபிகேட் கிடையாது.

மூன்று: தொழிலைத் தொடவிட வேண்டும். டீ வாங்கி வரவும், நடிகைக்குக் குடை பிடிக்கவும் மட்டும் வைத்திருந்தால் பத்து வருஷம் ஆனாலும் போகஸ் வளையம் கைக்கு வராது.

நான்கு: வீடு போய்ச் சேர வண்டி. ராத்திரி பேக்கப் ஆனால் பஸ் கிடையாது. கதாநாயகிக்கு கார் தயாராக நிற்கும். உதவியாளர் பெண்ணுக்கு?

அரசாங்கமும் கை கொடுக்கலாம். கேரளத்தில் அரசு சினிமா வளர்ச்சிக் கழகம், பெண் டைரக்டர்களுக்காகவே தனித் திட்டம் வைத்தது. ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 'நிஷித்தோ', 'டிவோர்ஸ்', 'பி 32 முதல் 44 வரே' படங்கள் அப்படித்தான் வந்தன. சிபாரிசுக்கு மாமா, சித்தப்பா இல்லாத பெண்ணும் விண்ணப்பம் போடலாம் அல்லவா? அதுதான் அந்தத் திட்டத்தின் பெருமை. தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் கசக்கவா போகிறது?

கடைசி பஸ்

ராத்திரி வடபழனி பஸ் நிலையம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கூட்டத்தில் கடை ஊழியர்கள், டைப்பிஸ்ட்டுகள், நர்ஸுகளோடு சில சமயம் தோளில் கறுப்புப் பை மாட்டிய ஓர் இளம்பெண்ணும் இருப்பாள். கையில் லென்ஸ் துடைத்த துணியின் வாசம். முகத்தில் பகலெல்லாம் வெயிலில் நின்ற களைப்பு. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அவள் யார் என்று தெரியாது.

நாளைக்கு டைட்டிலில் வரப்போகும் பெயராக இருக்கலாம். அல்லது அடுத்த மாசம் ஊருக்குத் திரும்பப் போகிறவளாக இருக்கலாம். எது என்று முடிவு செய்வது அவள் திறமை மட்டும் அல்ல. நாளைக் காலை 5 மணிக்கு, "வாம்மா, பெட்டியை எடு" என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்பதுதான்.